பவளத்தின் மேசும் அயடீன் 131-உம்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் என் சிநேகிதி ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாணவர் சஞ்சிகைக்கு அணுவின் கட்டமைப்பு, சமதானிகள், கதிர்த்தொழிற்பாடு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "அதெல்லாம் புத்தகத்தில இரிக்கே" என்றேன். "புத்தகத்தில இரிக்கிறத நான் படிப்பிப்பன். நீ உன்ட ஆசுபத்திரிக் கதையை எழுது கா. சமதானி எண்டா பரீட்சைக் கேள்வி எண்டு மட்டும்தான் இதுகள் நினைக்குதுகள்" என்றாள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அணுமருத்துவப் பகுதியில் இருபத்தாறு வருடம் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது செட்டிபாளையம், வாழ்க்கைப்பட்டது குருக்கள்மடம். கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். சிங்களம் அரைகுறை, ஆங்கிலம் அதைவிட அரைகுறை, எப்படியோ பாஸ் பண்ணினேன். படிப்பைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. நான் வேலை செய்த இடம் ஆசுபத்திரியின் கடைசிக் கட்டடம். மஞ்சள் பலகையில் மூன்று கறுப்பு இதழ் கீறியிருக்கும். சிற்றூழியர்கள் அதற்கு வைத்த பெயர் 'அணுகுண்டு அறை.' அந்தக் கதவைக் கடக்கும்போது மட்டும் நேர்ஸ்மாரின் நடை கெதியாகும். மற்ற வாட்டுகளில் அப்படி ஓர் அவசரத்தை நான் கண்டதில்லை.

எங்களுடைய முக்கிய மருந்து அயடீன் 131. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஓர் அணுவின் கருவில் ஐம்பத்துமூன்று புரோத்தன் இருந்தால் அது அயடீன். ஐம்பத்திரண்டு என்றால் வேறு மூலகம், ஐம்பத்துநான்கு என்றாலும் வேறு மூலகம். புரோத்தன் எத்தனையோ, வெளியே சுற்றும் இலத்திரனும் அத்தனை. ஓர் அணு இன்னோர் அணுவோடு சேர்வதும் பிரிவதும் இலத்திரன்களின் வேலை; இரசாயனவியல் என்பதே அந்த வேலையைப் பற்றிய படிப்புத்தான். உப்பிலும் மீனிலும் உள்ள சாதாரண அயடீனின் கருவில் புரோத்தனோடு எழுபத்துநான்கு நியூத்திரன் இருக்கும். கூட்டினால் நூற்று இருபத்தேழு. எங்கள் மருந்தில் எழுபத்தெட்டு நியூத்திரன், கூட்டினால் நூற்று முப்பத்தொன்று. நாலே நாலு நியூத்திரன்தான் வித்தியாசம். புரோத்தன் ஒன்று, நியூத்திரன் வேறு, இதைத்தான் சமதானி என்கிறோம். அந்த நாலும் கூடிப்போனதால் கருவுக்கு நிம்மதி இல்லை. ஒரு நேரம் வரும்போது அதில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும், பீற்றாத் துணிக்கை ஒன்று பாய்ந்து வெளியேறும், காமாக் கதிரும் வரும், அணு செனன் வாயுவாகிவிடும். எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எட்டு நாளில் பாதி அணுக்கள் மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்லலாம். அதுதான் அரைவாழ்வு.

இப்போது கழுத்துக்கு வாருங்கள். தைரொயிட் சுரப்பிக்கு அயடீன் என்றால் உயிர். இரத்தத்தில் வருவதை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். இலத்திரன் ஐம்பத்துமூன்றும் ஒன்றுபோல இருப்பதால் இது 127-ஆ, 131-ஆ என்று அதற்குத் தெரியாது. இரட்டைப் பிள்ளைகள் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்தால் பெற்ற தாயே ஒரு கணம் தடுமாறுகிறாள். சுரப்பி என்ன செய்யும்? 131-ஐயும் வாங்கி உள்ளே வைக்கும். உள்ளே போன பிறகு பீற்றாத் துணிக்கை ஓரிரண்டு மில்லிமீற்றர் தூரத்துக்குள் உள்ள கலங்களை அழித்துவிடும். தைரொயிட்டில் புற்றுநோய் வந்தவர்களுக்கு முதலில் சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை எடுப்பார்கள். கத்திக்கு எட்டாமல் மிச்சம் கிடப்பதை அழிக்க எங்களிடம் அனுப்புவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண அயடீன் ஏற்கெனவே உடம்பில் நிறைய இருந்தால், மிச்சம் கிடக்கும் கலங்களின் பசி அதிலேயே அடங்கிவிடும். மருந்து தங்காமல் சிறுநீரில் போய்விடும். அதனால், சுரப்பிக்குப் பதிலாக நோயாளி விழுங்குகிற தைரொயிட் குளிசையை நாலு கிழமை நிறுத்துவோம், அந்தக் கலங்களுக்குப் பசி எடுக்கட்டும் என்று. இரண்டு கிழமைக்கு மீன், இறால், நண்டு, கருவாடு, மாசிக் கருவாடு, முட்டை, பால், அயடீன் கலந்த உப்பு ஒன்றும் கூடாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற சனத்திடம் போய் இரண்டு கிழமைக்கு மீன் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் உங்களைப் பார்க்கிற பார்வை தெரியும். "மீன் இல்ல மிஸ், மாசி மட்டும்தான், அதுவும் சம்பலுக்க" என்று சொன்ன ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது ஓர் ஊசி வந்திருக்கிறது, குளிசையை நிறுத்தத் தேவையில்லை என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த நாலு கிழமையும் எங்கள் ஆட்கள் பட்ட பாட்டை நான் கண்டவள். முகம் வீங்கும், குரல் தடிக்கும், சித்திரை வெயிலிலும் குளிரும், ஒரு வசனம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும்.

இஸ்மத் சேர்தான் எங்கள் வைத்தியர். ஏறாவூர்க்காரர், முஸ்லிம். மெலிந்த, உயரமான மனிதர். கதிரையில் இருந்து அவர் கணக்குப் போட்டு நான் கண்டதில்லை. நின்றபடி, கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். மருந்து வெளிநாட்டில் இருந்து விமானத்தில் கொழும்புக்கு வந்து, பிறகு தரைவழியாக எங்களிடம் வரும். ஐந்து நாள் பயணம் என்றால், இங்கே நூறாக வந்து சேர அங்கே நூற்று ஐம்பதுக்கு மேல் அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை அவர் போடுவார், நானும் தனியாகப் போட வேண்டும். இரண்டு விடையும் ஒன்றானால்தான் கடிதம் போகும். ஒன்றாகாவிட்டால் கோபிக்கமாட்டார். "இன்னொருக்கா, புள்ள" என்பார். அவ்வளவுதான். அந்த 'இன்னொருக்கா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு நித்திரையிலும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. கோபிக்கிற ஒருவரிடம் வேலை செய்திருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருப்பேன்.

ஈயக்குடுவையைத் திறக்க முன் நோயாளியின் பெயர், பிறந்த திகதி, மருந்தின் அளவு, நேரம் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெயரை நாங்கள் சொல்லி நோயாளி தலையாட்டக் கூடாது. அவர்தான் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒரு முறை சேருடைய சொந்த மாமியே மருந்துக்கு வந்தா. சேர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கட பேர் என்ன?" என்றார். "உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். என்ட பேர் உனக்குத் தெரியாதா?" என்று மாமி ஏசத் தொடங்கிவிட்டா. "எனக்குத் தெரியும் மாமி. இந்த மருந்துக்குத் தெரியாது. சொல்லுங்க" என்றார். மாமி சொன்னா. பிறந்த திகதியையும் சொன்னா, ஆனால் ஐந்து வயதைக் குறைத்துவிட்டா. சேர் அதையும் விடவில்லை, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் திருத்தினார். மாமி அதற்குப் பிறகு ஒரு பெருநாளுக்கும் எங்கள் பகுதிக்கு வட்டிலப்பம் அனுப்பவில்லை என்பது எங்களுக்குப் பெரிய நட்டம்.

சேரிடம் இன்னொரு கண்டிப்பு உண்டு. கருவியால் எடுக்கும் கதிர் எண்ணிக்கையின் முடிவு அவர் வாயால்தான் வெளியே போக வேண்டும். நான் எடுத்த எண்ணிக்கையை அவரிடம் கொடுப்பேன், அவர் பார்ப்பார், அவர்தான் நோயாளியிடம் சொல்வார். அந்தக் கட்டுப்பாட்டை இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு முறை மீறினேன். அதைத்தான் எழுத வந்தேன்.

அவளுக்குப் பவளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம், ஊர் மண்டூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் ரெத்தினம், வாவியில் மீன் பிடிப்பவர், கொஞ்சம் வயலும் உண்டு. பவளத்துக்குச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. குளிசையை நிறுத்தி, நான் தமிழில் எழுதிய சாப்பாட்டுக் கடதாசியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம். நாலு கிழமை கழித்து இருவரும் வாவியைக் கடக்கிற பாதையில் ஏறி, பிறகு பஸ் எடுத்து வந்து சேர்ந்தார்கள். இங்கே மிதவையைப் பாதை என்றுதான் சொல்வோம். பவளத்தின் முகம் அதைத்திருந்தது. போர்வை போர்த்திருந்தாள். காலில் தடித்த மேசு, அதாவது காலுறை, போட்டிருந்தாள். குளிரில் நடுங்குகிற நோயாளிகள் மேசு போடுவது எங்களுக்குப் புதினம் இல்லை.

ரெத்தினம்தான் அவளுக்காகப் பேசினார். "கடதாசியில எழுதின எதையும் தொடல்ல மிஸ். அதுக்குமேல பத்து நாள் கோயில்லயே நிண்டவள். எங்கட அம்மனுக்குத் தீமிதிக்க நேந்திரிந்தவள். மீன் மச்சம் மணக்கவுமில்ல" என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. தீக்குழியில் இறங்குகிறவர்கள் காப்புக் கட்டிக் கோயிலிலேயே தங்கி, ஒரு நேரச் சாப்பாட்டோடு இருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். இதைவிடச் சுத்தமாக இரண்டு கிழமையை யாரால் கடக்க முடியும் என்று நினைத்தேன். நோய் மாறத்தானே மிதித்திருக்கிறாள் என்று அவள்மேல் ஒரு பாசமும் வந்தது.

மருந்து கொடுக்க இரண்டு நாளுக்கு முன், மிகச் சிறிய அளவு அயடீன் 131 சோதனைக்காகக் கொடுப்போம். இருபத்துநாலு மணித்தியாலம் கழித்துக் கழுத்துக்கு நேரே எண்ணுகருவியை வைத்து எண்ணுவோம். பிறகு தொடைக்கு நேரே வைத்து எண்ணுவோம். தொடையில் தைரொயிட் கிடையாது; அங்கே வருவது இரத்தத்தில் ஓடுகிற அயடீன் மட்டும். கழுத்தில் வந்ததில் தொடையில் வந்ததைக் கழித்தால் கழுத்து உண்மையில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். பவளத்துக்குக் கழித்துப் பார்த்தேன். கழுத்தும் தொடையும் கிட்டத்தட்ட ஒன்று. கழுத்து ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லை, சத்திரசிகிச்சை வைத்தியர் முழுதாக எடுத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சேர் வேறொரு வாட்டில் இருந்தார். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த ரெத்தினம் எழும்பி, "என்ன மிஸ்?" என்றார். நாலு கிழமையாக அந்த மனுசன் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது கன்னத்தில் தெரிந்தது. "ஒண்டும் இல்ல போல இரிக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தார். அம்மாவிடம் சொன்னார், மாமியிடம் சொன்னார், பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லி அவர்களிடமும் சொன்னார். கோயிலில் நூற்றொரு தேங்காய் உடைக்க ஏற்பாடு நடக்கும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு வாய்ச் சொல்லுக்கு அத்தனை சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

அரை மணித்தியாலத்தில் சேர் வந்தார். எண்ணிக்கையைப் பார்த்தார். கோப்பைப் புரட்டி, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் கடிதத்தை எடுத்தார். 'குரல் நரம்பை ஒட்டி ஒரு சிறு துண்டை எடுக்க முடியாமல் விட்டிருக்கிறேன்' என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் படிக்கவே இல்லை. "துண்டு இரிக்கு. எண்ணிக்கை இல்ல. அப்ப என்ன, புள்ள?" என்றார். துண்டு இருந்தும் பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பசி இல்லை. எங்கிருந்தோ 127 வயிறு நிறையப் போயிருக்கிறது.

சேர் பவளத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். 'மீன் சாப்பிட்டீங்களா' என்று அவர் ஒருபோதும் கேட்கமாட்டார். கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "நேத்து என்ன சமைச்ச? ஆர் சமைச்ச? எந்தச் சட்டியில?" என்று அடுப்படிக் கதையாகத்தான் கேட்பார். பவளம் மெல்ல மெல்லச் சொன்னாள். சோறு, பருப்பு, வெண்டிக்காய், கோயில்ப் பொங்கல். உப்புப் பக்கற்றையும் கடதாசியில் எழுதியபடி தேடி வாங்கியிருந்தார்கள். எங்கும் ஓட்டை இல்லை. சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொருக்கா எண்ணுங்க. கழுத்தும் தொடையும், முதல்ல இருந்து."

மருந்து அடுத்த நாளுக்கென்று அளந்து வந்து ஈயக்குடுவைக்குள் இருந்தது. பசி இல்லாத கழுத்துக்குக் கொடுத்தால் உடம்புக்குக் கதிர் மட்டும் மிஞ்சும், அந்தத் துண்டு அப்படியே இருக்கும். கொடுக்காமல் விட்டால் எட்டு நாளில் பாதியாகிவிடும். அடுத்தது வர மாதக்கணக்கு ஆகும். பவளம் இன்னொரு தடவை அந்த நாலு கிழமையைத் தாங்க வேண்டும். அதற்கிடையில் துண்டில் உள்ள நோய் சும்மா இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? இதை எல்லாம் யோசித்தபடி அவளைக் கட்டிலில் நேராகக் கிடத்தினேன். தொடைக்குக் கருவியை வைக்க அவளுடைய காலைக் கொஞ்சம் தள்ளினேன். அவள் பல்லைக் கடித்தாள். அப்போதுதான் மேசின் ஓரத்தில் கபில நிறக் கறை ஒன்று தெரிந்தது. குனிந்தேன். அந்த மணத்தை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"இதென்ன புள்ள?"

"ஒண்டுமில்ல மிஸ். குளிருக்குப் போட்ட."

நான் கேட்காமலே மேசு இரண்டையும் கழற்றினேன். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தன. அதன்மேல் காயத்துக்குப் பூசுகிற கபில நிற மருந்து மொத்தமாகப் படிந்திருந்தது. அந்த மருந்தில் இருப்பது அயடீன். சாதாரண அயடீன். உரிந்த தோல் வழியாக அது தாராளமாக இரத்தத்துக்குள் போகும்.

"கால் சுட்டுப்போச்சு மிஸ்" என்றாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து தலையணையில் விழுந்தது. "எத்தின பேர் மிதிச்ச. ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. எனக்கு மட்டும்தான் சுட்ட. என்னில என்ன குறையோ தெரியா. அவருக்குத் தெரிஞ்சா நேர்த்தி பலிக்கல்ல, வருத்தம் மாறாதெண்டு உடைஞ்சுபோவார். ஒளிச்சு ஒளிச்சுத்தான் மருந்து போட்ட."

"எத்தின தரம் போட்ட?"

"காலையும் பின்னேரமும்."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?" என்று கத்தினேன். ஓம், நோயாளியிடம் கத்தினேன்.

"நீங்க தந்த கடதாசியில சாப்பாடுதானே மிஸ் எழுதியிரிந்த. நான் ஒண்டும் சாப்பிடல்லயே."

நான் பார்த்து மொழிபெயர்த்த ஆங்கிலக் கடதாசியில் கடைசியாக ஒரு வரி இருந்தது: அயடீன் உள்ள காய மருந்துகளையும் தவிர்க்க வேண்டும் என்று. தமிழில் எழுதியபோது அது இரண்டாம் பக்கத்துக்குப் போனது. ஒரே பக்கத்தில் இருந்தால்தான் சனம் படிக்கும், காயம் யாருக்கு வரப்போகிறது என்று அந்த வரியை வெட்டியவள் நான். தீமிதிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் வெட்டிய வரி அது.

"அவருக்குச் சொல்லிப்போடாதீங்க மிஸ்" என்று என் கையைப் பிடித்தாள். சேருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய வரி, ரெத்தினத்திடம் நான் அவசரப்பட்டுச் சொன்னது, கால் எல்லாம். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு பவளத்திடம் போனார். கால்களைத் தானே தூக்கிப் பார்த்தார். வெறும் உப்புநீரால் கழுவிக் கட்டச் சொன்னார். போகாமல் அங்கேயே நின்றார்.

"தங்கச்சி, மற்றவங்க தீக்குழிக்குள்ள எப்பிடிப் போன?"

"கெதியாப் போன சேர்."

"நீங்க?"

"எனக்குக் கெதியா நடக்க ஏலாது சேர். கால் எடுத்து வைக்கவே நேரம் எடுக்கும்."

"ஏன் ஏலாது? நாங்க குளிசையை நிப்பாட்டினதால. தோல் காஞ்சு வெடிச்சிரிக்கு, அதுவும் நாங்க குளிசையை நிப்பாட்டினதால. உங்கட கால் சுட்டதுக்குக் காரணம் நாங்க. உங்கட அம்மனும் இல்ல, நீங்களும் இல்ல."

பவளம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக நெஞ்சில் சுமந்ததை ஏறாவூர் மனுசன் ஒருவர் வந்து இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். அழுதுகொண்டே சிரித்தாள். சேரை எனக்கு எப்போதும் பிடிக்கும்; அன்று அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. கோப்பில் அவர் 'தோற் காயத்துக்கு அயடீன் மருந்து பூசப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினார். எங்கே, எப்படி என்று எழுதவில்லை.

ரெத்தினத்திடம் நானே போனேன். "தம்பி, நான் காலையில சொன்னது பிழை. துண்டு இரிக்கு. இப்ப மருந்து குடுக்க ஏலாது. நான் எழுதின கடதாசியிலயும் ஒரு பிழை இரிக்கு. எல்லாம் என்ட பிழை" என்றேன். அவர் கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். "பிள்ளைகளுக்கும் சொல்லிப்போட்டனே மிஸ்" என்றார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை.

அந்த மருந்துக்குத் தயாராக வேறு நோயாளி யாரும் இல்லை. ஈயக்குடுவை பெட்டகத்துக்குள் போனது. எட்டு நாளுக்கு ஒரு தடவை அளந்து எழுதச் சொன்னார் சேர். நூறு ஐம்பதானது, ஐம்பது இருபத்தைந்தானது, பிறகு பன்னிரண்டரை. "இது தண்டனையா சேர்?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்ல புள்ள, பதிவு" என்றார். இரண்டும்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடதாசியை அன்றைக்கே திருத்தினேன். முதல் வரியாகவே, சாப்பாட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில் போட்டேன்: 'காயத்துக்குப் பூசும் கபில நிற மருந்திலும் அயடீன் உண்டு. பூசவே கூடாது.' இரண்டு பக்கம் வந்தது. வந்தால் வரட்டும்.

பவளத்துக்குக் குளிசை திரும்பக் கொடுத்தோம். கால் ஆறியது. உடம்பில் சேர்ந்த அயடீன் கழியும் வரை காத்திருந்து, மறுபடியும் குளிசையை நிறுத்தினோம். மறுபடியும் முகம் வீங்கி, குரல் தடித்து, குளிரில் நடுங்கி நாலு கிழமை. புதுக் கடதாசியை ரெத்தினத்தின் கையில்தான் கொடுத்தேன். வாங்கில் இருந்தபடியே முதல் வரியைப் படித்தார். அதற்குக் கீழே அவர் கண் போகவில்லை. பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

இந்தத் தடவை எண்ணினேன். கழுத்து பிடித்திருந்தது. ஒன்றுக்கு மூன்று தடவை, சேர் சொல்லாமலே எண்ணினேன். அடுத்த நாள் காலை பெயரையும் பிறந்த திகதியையும் பவளம் சொன்னாள். அளவை நான் சொன்னேன். நேரத்தைச் சேர் சொன்னார். குடுவை திறந்து, நீளக் குழாயால் மருந்து அடைத்த கப்சூலை அவள் வாய்க்குள் சரித்தோம். ஒரே மடக்கில் தண்ணீரோடு விழுங்கினாள். உடனே நாங்கள் கதவுக்கு வெளியே வந்தோம். மூன்று நாள் அவள் அந்த அறைக்குள் தனியாக இருந்தாள். காலையும் பின்னேரமும் கதவடியில் நின்று கருவியால் அவளை அளப்பேன், எண்ணிக்கை இறங்கிக்கொண்டு வரும். "நான் இப்ப எத்தினை மிஸ்?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். வீட்டுக்கு விடலாம் என்ற அளவுக்கு வந்ததும் முழு உடம்பையும் படம் எடுத்தோம். கழுத்தின் இடது பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அந்தத் துண்டுதான், வயிறு நிறைய 131-ஓடு. சேர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இதைத்தான் நாம அண்டைக்கு ஒண்டுமில்ல எண்டு சொன்ன" என்றார். சொன்னவள் நான் மட்டும். அவர் 'நாம' என்றார்.

மறு வருடம் எடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. நான் ஓய்வு பெறும் வரை எடுத்த எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது, அவள் வீட்டுக்குப் போன அன்றைக்கு நடந்தது. பவளம் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கிழமைக்கு அவளுக்குக் கிட்ட யாரும் நெருங்கி இருக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் படுக்கக் கூடாது, இரண்டு மீற்றர் தூரம் வேண்டும் என்று ரெத்தினத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் கூட" என்று இரண்டு கையையும் விரித்து, வலை அளப்பது போல அந்த ஒரு பாகத்தை அளந்து பார்த்துக்கொண்டார். பிறகு கையை மடக்கினார்.

"மிஸ், அண்டைக்கு எல்லாம் உங்கட பிழை எண்டு சொன்னீங்க."

"ஓம் தம்பி."

"இல்ல. அந்த மருந்தை வாங்கி அலுமாரிக்க வெச்சது நான்."

எந்த மருந்து என்று கேட்டேன்.

"தீக்குழியால ஏறின உடனேயே கண்டுட்டன். ஆக்கள் பாக்கிற எண்டு சிரிச்சிக்கிட்டு வந்தாள். அவளாச் சொல்லுவாள் எண்டு பாத்த. சொல்லல்ல. கேட்டா வெக்கப்பட்டுச் செத்திருவாள். அதான் பாமசியில வாங்கி, அவள்ட கண்ணில படுற மாதிரி வெச்ச. முடிய முடிய வாங்கி வெச்ச. நான்தான் மிஸ் அவளுக்கு நஞ்சு வெச்ச மாதிரி" என்றார். நாலு பேர் போகிற வாசலில் அந்த மனுசன் அழுதார். நஞ்சு இல்லை தம்பி, அது நல்ல மருந்து, கால் புழுக்காமல் ஆறியதே அதனால்தான் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

முகத்தைத் துடைத்துவிட்டு, "அவளுக்குச் சொல்லிப்போடாதீங்க மிஸ். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவள் தாங்கமாட்டாள்" என்றார்.

"சொல்லமாட்டன்" என்றேன்.

பவளம் வெளியே வந்தாள். வெறும் செருப்போடு, மெல்ல, ஆனால் நேராக நடந்தாள். ரெத்தினம் பையைத் தூக்கிக்கொண்டு அவளை முன்னால் போகவிட்டார். பஸ் நிலையம் வரை அந்த ஒரு பாகத் தூரத்தை ஓர் அடி கூட்டாமலும் குறைக்காமலும் பின்னால் போனார். அவள் நின்றால் அவரும் நின்றார்.